டிவிடி படத்தை இரண்டு மூன்று சிடிகளில் அடக்குவது எப்படி?

கேள்வி இது: 2 மணி 36 நிமிடம் ஓடும் ஒரு தமிழ்ப் படம் டிவிடியில் இருக்கிறது. அதை ஊரிலுள்ள பெற்றோர் பார்க்க வேண்டும். அங்கே இருப்பவை இரண்டு கருவிகள். ஒன்று பழைய விசிடி பிளேயர். மற்றொன்று, டிவிடியைப் போட்டால் படிக்க மறுத்துவிட்டு, சிடியை மட்டும் ஒழுங்காக ஓட்டுகிற டிவிடி பிளேயர். கையில் 700 எம்பி வெற்றுச் சிடிகள் ஒரு கட்டு இருக்கின்றன. படத்தைச் சுருக்கி இரண்டு மூன்று சிடிகளில் ஏற்ற முடியுமா, தரம் எவ்வளவு குறையும், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும்: படம் எந்தக் கருவியில் ஓடப்போகிறது, எந்த இடத்தில் துண்டாகப்போகிறது. இந்த இரண்டும் தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் வகுத்தல் கணக்கு. இவற்றை யோசிக்காமல் ஏதோ ஒரு மென்பொருளில் கோப்பைப் போட்டு 700 எம்பிக்கு வெட்டி எடுப்பவர்கள்தாம் பாட்டின் நடுவில் சிடி மாற்ற நேர்கிறது என்றும், பிளேயர் கோப்பையே காட்டவில்லை என்றும் வருந்துகிறார்கள்.

முதலில் உங்கள் டிவிடி பிளேயர். டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரும், சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும் வேண்டும். ஆகவே சிவப்பு லேசர் தேய்ந்துபோன பின்னும் சிடிகள் பழுதின்றி ஓடுவது இயல்பு. இப்படிப்பட்ட கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் முகப்பில் ‘டிவ்எக்ஸ்’ அல்லது ‘எம்பெக்-4’ என்ற முத்திரை (கணினியில் சுருக்கிய படக்கோப்புகளை அது ஓட்டும் என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் உங்களுக்கு மிக நல்ல வழி திறந்திருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால், விசிடியைவிடத் தரம் கூடிய எஸ்விசிடி முறையை முயலலாம். அந்த டிவிடி பிளேயர் எதற்கும் ஒத்துவராமல் பழைய விசிடி பிளேயரே கதி என்றால் விசிடி ஒன்றுதான் வழி. அதனால் மூன்று முறைகளையும் சொல்கிறேன்.

விசிடியிலிருந்து தொடங்குவோம். 1993-இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவத்தில் எல்லாமே நிலையான அளவுகள். காணொளி எம்பெக்-1 வகையில் நொடிக்கு 1150 கிலோபிட். ஒலி எம்பெக் இரண்டாம் அடுக்கு வகையில் 224 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், படத்தின் அளவு பால் (இந்தியத் தொலைக்காட்சி முறை) முறையில் 352×288, என்டிஎஸ்சி (அமெரிக்கத் தொலைக்காட்சி முறை) முறையில் 352×240 புள்ளிகள். இவற்றில் எதையும் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. பிட்ரேட்டை, அதாவது நொடிக்குச் செலவாகும் பிட் அளவை, கொஞ்சம் குறைத்தால் படம் முழுவதையும் இரண்டே சிடியில் திணித்துவிடலாமே என்று தோன்றும். டிவிடி பிளேயர்கள் சில அதைப் பொறுத்துக்கொள்ளும். பழைய விசிடி பிளேயர்களில் ஒலி தடுமாறும், படம் உறைந்து நிற்கும். அந்தக் கருவிகள் நொடிக்கு 75 செக்டர் (சிடியில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) என்ற ஒரே வேகத்தை நம்பிக் கட்டப்பட்டவை.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு செய்தி உண்டு. 700 எம்பி சிடியில் 780 எம்பி விசிடி கோப்பு எப்படி ஏறுகிறது? 80 நிமிடச் சிடியில் 3,60,000 செக்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செக்டரும் உண்மையில் 2352 பைட். சாதாரணத் தரவுச் சிடியில் அதில் 2048 பைட்டுகளில்தான் உங்கள் கோப்பு எழுதப்படுகிறது. மீதியில் பெரும்பகுதி, அதாவது 276 பைட், கீறல் விழுந்தாலும் தரவை மீட்டெடுப்பதற்கான பிழைதிருத்தக் குறியீடு. ஒரு கணக்கேட்டில் ஒரு பைட் பிசகினாலும் கோப்பு கெட்டுவிடும் என்பதால் இந்தக் காவல் அவசியம். படத்தில் ஒரு பைட் பிசகினால் ஒரு கணம் ஒரு மூலையில் புள்ளி தெறிக்கும், அவ்வளவுதான். எனவே விசிடியிலும் எஸ்விசிடியிலும் அந்தக் காவலை நீக்கிவிட்டு, செக்டருக்கு 2324 பைட் வீதம் படத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். தரவாக எழுதினால் 73.7 கோடி பைட் கொள்ளும் சிடி, விசிடியாக எழுதும்போது ஏறக்குறைய 83.6 கோடி பைட் கொள்வது இதனால்தான். இதன் மறுபக்கத்தையும் நினைவில் கொள்ளுங்கள்: எம்பெக் கோப்பைத் தரவுச் சிடியாக நகலெடுத்துக் கொடுத்தால் பழைய விசிடி பிளேயர் அதைத் தீண்டாது. விசிடி என்ற வடிவத்திலேயே எழுத வேண்டும். அப்போதுதான் நமக்கெல்லாம் பழக்கமான ‘எம்பெக்ஏவி’ உறையும் அதற்குள் ‘டேட்’ கோப்பும் உருவாகும்.

ஒரு சிடியில் 80 நிமிடம் என்றால் 156 நிமிடப் படம் இரண்டு சிடியில் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் இடைவேளை எங்கே வருகிறது? நம் படங்களில் பெரும்பாலும் முற்பாதி நீளமாகவும் பிற்பாதி சற்றுக் குறைவாகவும் இருக்கும். உங்கள் படத்தில் முற்பாதி 84 நிமிடம், பிற்பாதி 72 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இடைவேளையில் வெட்ட முதல் சிடியில் இடமில்லை. இரண்டு சிடியில்தான் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கதை இடைவேளையின் முடிச்சை நோக்கி வேகமெடுக்கும் அந்தக் கடைசி ஆறு நிமிடங்களில் சிடி மாற்ற நேரிடும். இயக்குநர் ஒன்றரை மணி நேரம் கட்டியெழுப்பியது அந்த இடத்தில் பாழாகும். மூன்றாவது சிடி ஒன்றைச் செலவிடுங்கள். முற்பாதியை நடுவே ஏதாவது ஒரு காட்சி முடிவில் பிரித்து இரண்டு சிடிகளிலும், பிற்பாதியை முழுதாக மூன்றாவதிலும் ஏற்றுங்கள். ஒரு வெற்றுச் சிடியை மிச்சம் பிடிப்பதற்காகப் படத்தை அதன் உச்சத்தில் அறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விசிடியின் படத்தரம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிவிடியில் பால் முறைப் படம் 720×576; விசிடியில் அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய பாதிப் பாதி. அதிலும் சினிமாஸ்கோப் படமாக இருந்தால் 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்ட பிறகு 288 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 163 வரிகள். தூரத்தில் நிற்பவர்களின் முகபாவம் தெரியாது, எழுத்துகள் கசங்கும். ஆனாலும் ஸ்கோப் படம் விசிடியில் எதிர்பார்த்ததைவிடத் துப்புரவாக இருப்பதைக் கவனித்திருக்கலாம். பட்டைகள் அசையாத கறுப்பு என்பதால் அவற்றுக்குப் பிட் செலவே இல்லை. 1150 கிலோபிட்டும் நடுவிலுள்ள சிறு படத்துக்கே போய்ச் சேருகிறது. கூர்மைதான் குறையுமே தவிர, கட்டம் கட்டமாக உடைவது குறைவு. இந்த நன்மையை முழுதாகப் பெற ஒரு நுணுக்கம் உண்டு. எம்பெக் முறை படத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. கறுப்பும் படமும் சந்திக்கும் கோடு ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தால், அந்தக் கூர்மையான விளிம்பைக் காட்டுவதற்கே பிட்டுகள் வீணாகும். விளிம்பையொட்டி ஊறல் போலச் சிதறலும் தெரியும். எனவே 163 வரிகளில் மேலும் கீழும் ஒன்றிரண்டு வரிகளை வெட்டி 160 ஆக்கிக்கொண்டு, மேலே 64, கீழே 64 வரிகளைக் கறுப்பாக விடுங்கள். 64, 160, 64 மூன்றும் 16-ஆல் வகுபடும், கூட்டினால் 288.

எஸ்விசிடி 1998-இல் சீனாவில் உருவான வடிவம். எம்பெக்-2, பால் முறையில் 480×576, என்டிஎஸ்சி முறையில் 480×480. சிடி இரட்டை வேகத்தில் சுழலும். காணொளிக்கு நொடிக்கு 2600 கிலோபிட் வரை தரலாம். அதைவிட முக்கியமாக, காட்சிக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். உச்ச அளவிலேயே வைத்தால் ஒரு சிடியில் 40 நிமிடம்தான் கொள்ளும். சராசரி 1800 கிலோபிட், ஒலி 192 கிலோபிட் என்று வைத்தால் சுமார் 54 நிமிடம் கிடைக்கும். 156 நிமிடப் படம் 52 நிமிடம் வீதம் மூன்று சிடிகளில் உட்காரும். குழாய்த் தொலைக்காட்சியில் பார்த்தால் டிவிடிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சிக்கல் ஒன்றுதான்: பழைய விசிடி பிளேயர்கள் பல இதைப் படிக்காது, டிவிடி பிளேயர்களிலும் எல்லாமே படிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது வழியான எம்பெக்-4 தான் உங்கள் நிலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற பெயர்களில் 2000-த்தையொட்டிய ஆண்டுகளில் பரவிய இந்தக் கோடெக்குகள் (படத்தைச் சுருக்கி விரிக்கும் முறைகள்), எம்பெக்-2 கேட்பதைவிடக் கணிசமாகக் குறைந்த பிட்ரேட்டைக் கொண்டே ஒப்பிடத்தக்க படத்தைத் தருபவை. சாதாரணத் தரவுச் சிடியில் ஏவிஐ கோப்பாக எழுதினால் போதும். கணக்கை இங்கேதான் கவனமாகப் போட வேண்டும்.

700 எம்பி சிடியில் 73.7 கோடி பைட், அதாவது 589.8 கோடி பிட். இரண்டு சிடிக்கு 1179.6 கோடி பிட். படத்தின் நீளம் 156 நிமிடம், அதாவது 9360 நொடி. வகுத்தால் நொடிக்கு 1260 கிலோபிட். மென்பொருள்கள் உங்களுக்குத் தரும் எண் இதுதான். அதை அப்படியே ஏற்றால் கோப்பு 78-ஆம் நிமிடத்தையொட்டி எங்கோ துண்டாகும். இடைவேளையில் வெட்ட வேண்டும் என்றால் நீளமான பாதியை வைத்துக் கணக்கிட வேண்டும்: 84 நிமிடம் என்பது 5040 நொடி, 589.8 கோடியை 5040-ஆல் வகுத்தால் 1170 கிலோபிட். இரண்டு பாதிகளுக்கும் இதே அளவை வையுங்கள். இரண்டாவது சிடியில் சுமார் 100 எம்பி காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும். 1260-க்கும் 1170-க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஏழு. அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பிற்பாதிக்கு மட்டும் பிட்ரேட்டைக் கூட்டி அந்த இடத்தையும் நிரப்பலாமே என்றால், செய்யலாம்தான். ஆனால் இரண்டு சிடிகளுக்கும் படத்தரம் ஒன்றுபோல இருப்பதையே நான் விரும்புவேன்.

இந்த 1170-இலிருந்து ஏவிஐ கோப்பின் சட்டகத்துக்குச் சுமார் 10 கிலோபிட்டைக் கழியுங்கள். ஒலிக்கு 128 கிலோபிட்டைக் கழியுங்கள். மீதி 1032, பாதுகாப்புக்காக 1020 என்று வைத்துக்கொள்ளலாம். இதுவே காணொளிக்கான பங்கு. இந்தப் பங்கு போதுமா என்பதைப் படத்தின் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கோப் படத்தை 640×272 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் சுருக்கினால் நொடிக்கு 43.5 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 0.23 பிட் கிடைக்கிறது. எக்ஸ்விட்டுக்கு 0.2-க்கு மேல் கிடைத்தால் பெரும்பாலான படங்கள் திருப்தியாக வரும் என்பது என் அனுபவம். ஸ்கோப் அல்லாத 1.85 விகிதப் படமாக இருந்தால் 640×352 வேண்டும். அப்போது அதே பிட்ரேட்டில் 0.18-ஆகக் குறைந்துவிடும். அப்படியிருந்தால் அளவை 576×320-க்கு இறக்கி 0.22-ஐ எட்டுங்கள். சற்றே மென்மையான படத்தைக் கண் ஏற்றுக்கொள்ளும். அசையும்போதெல்லாம் கட்டங்களாக உடையும் படத்தை ஏற்காது. மொத்தப் படத்தையும் ஒரே சிடியில் அடக்கலாமா என்று கேட்டால், ஒலி போகக் காணொளிக்கு 490 கிலோபிட்தான் மிஞ்சும். மழைச் சண்டையிலும் கூட்டமாக ஆடும் பாடலிலும் அது என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் மறுமுறை முயல மாட்டார்கள்.

இனி டிவிடியிலிருந்து படத்தை எடுப்பது. ‘வீடியோ_டிஎஸ்’ உறைக்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு உட்பட்ட ‘விஓபி’ கோப்புகளாகப் படம் துண்டு துண்டாக இருக்கும். பூட்டுப் போடாத டிவிடி என்றால் நேரடியாக வன்தட்டுக்கு நகலெடுத்துவிடலாம். பூட்டுப் போட்டிருந்தால் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது, அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டம் இதைவிடக் கடுமையானது. விலை கொடுத்து வாங்கிய படத்தைப் பெற்றோர் பார்ப்பதற்காகச் செய்வது வேறு, நகல் எடுத்துப் பலருக்கும் கொடுப்பது வேறு. பின்னதற்கு இந்தப் பதிலைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாண டிவிடி, பள்ளி ஆண்டுவிழா டிவிடி போன்றவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை.

கோப்பு வன்தட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் ஃபிரேம்களைக் கூர்ந்து பார்ப்பது. பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது. கெட்டுப்போன நகல்களில் பாதிக்கு இதுவே காரணம். கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் பேருந்தோ ரயிலோ இருந்தால் இன்னும் நல்லது. விர்ச்சுவல்டப்2 போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, அம்புக்குறி விசையால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். எல்லா ஃபிரேம்களும் துப்புரவாக இருந்தால் உங்களுக்கு வேலை இல்லை. ஐந்து ஃபிரேம்களில் மூன்று துப்புரவாகவும் இரண்டு சீப்புப் பல்போலக் கோடு கோடாகவும் மாறி மாறி வந்தால், நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் எடுத்த திரைப்படத்தை என்டிஎஸ்சி முறைக்கு நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நம் படங்களின் டிவிடிகளில் இதை நிறையப் பார்க்கலாம். எல்லா ஃபிரேம்களிலும் கோடுகள் தெரிந்தால் அது வீடியோ கேமராவில் எடுத்தது; கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

நீட்டப்பட்ட படத்தை அப்படியே சுருக்கக் கூடாது. நீட்டலைத் திருப்பி நீக்கும் வடிகட்டி, கட்டளைகள் எழுதிப் படத்தைத் திருத்தும் மென்பொருளான ஏவிசிந்தில் உண்டு; அதைப் பயன்படுத்தினால் நொடிக்கு 29.97 ஃபிரேம் என்பது 23.976 ஆகும். ஐந்தில் ஒரு ஃபிரேம் குறைவதால் மீதமுள்ள ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பிட் கிடைக்கிறது, கோடுகளும் மறைகின்றன. வேறெந்த அமைப்பை மாற்றினாலும் இவ்வளவு பலன் கிடைக்காது. விசிடியிலும் 352×240 அளவில் 23.976 ஃபிரேம் அனுமதிக்கப்பட்டதே. உண்மையான வீடியோவாக இருந்தால், எக்ஸ்விட்டுக்கும் விசிடிக்கும் கோடு நீக்கும் வடிகட்டியைப் போடுங்கள். எஸ்விசிடிக்கு மட்டும் அப்படியே விடலாம், எம்பெக்-2 அதைத் தாங்கும். எந்த முறையானாலும் பாலை என்டிஎஸ்சி ஆகவோ என்டிஎஸ்சியைப் பாலாகவோ மாற்ற முனையாதீர்கள், அசைவு திக்கும். ஊரிலுள்ள தொலைக்காட்சி மிகப் பழையதாக இருந்து என்டிஎஸ்சி படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், பிளேயரின் அமைப்புப் பட்டியலில் பால் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து வெட்டலும் அளவு மாற்றலும். ஏவிஐ கோப்பில் கறுப்புப் பட்டை எதற்கும் தேவையில்லை. பிளேயரே அதைச் சேர்த்துக்கொள்ளும். 16:9 குறியுள்ள பால் டிவிடியில் ஸ்கோப் படம் 576 வரிகளில் சுமார் 436 வரிகளைப் பிடித்திருக்கும். மேலும் கீழும் 70 வரிகளை வெட்டிவிட்டு 720×436 என்ற பரப்பை 640×272-க்குக் கொண்டுவாருங்கள். டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல என்பதால் இந்த எண்கள் முதலில் விகிதம் தப்பியதுபோலத் தோன்றும். ஒரு சந்தேகம் வந்தால் படத்தில் நிலவோ பொட்டோ வண்டிச் சக்கரமோ நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலியில் ஓர் எச்சரிக்கை. டிவிடியிலுள்ள 5.1 ஒலியை, அதாவது ஆறு தட ஒலியை, இரண்டு தடமாகக் குறைக்கும்போது, வசனம் முழுவதும் இருக்கும் நடுத்தடம் அமுங்கி, பின்னணி இசை மேலெழும். பெரியவர்கள் பார்க்கும் படத்துக்கு இது பெரிய குறை. டிவிடியில் ஸ்டீரியோத் தடம் தனியாக இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் நடுத்தடத்தைச் சற்று உயர்த்திக் கலக்குங்கள். விசிடி, எஸ்விசிடி இரண்டுக்கும் 48 கிலோஹெர்ட்ஸை 44.1-ஆக மாற்றியாக வேண்டும். ஏவிஐக்கு 48-ஆகவே விட்டு 128 கிலோபிட் எம்பி3 போதும். ஆனால் பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் வகை எம்பி3 வேண்டாம், பிளேயர்களில் உதடசைவும் ஒலியும் விலகிப்போகும். 5.1 ஒலியை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அது 448 கிலோபிட். நம் 1170-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும்.

எக்ஸ்விட்டில் எப்போதும் இரண்டு ஓட்ட முறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டத்தில் மென்பொருள் படம் முழுவதையும் அளந்து பார்க்கிறது. இரண்டாவதில் அமைதியான காட்சிகளில் மிச்சம் பிடித்ததைச் சண்டைக்கும் பாட்டுக்கும் கொடுக்கிறது. கோப்பின் அளவும் நீங்கள் சொன்ன எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்கும். ‘க்யூபெல்’, ‘ஜிஎம்சி’ என்ற இரண்டு தேர்வுகளையும் அணைத்துவிடுங்கள். கணினியில் சிக்கலின்றி ஓடும் கோப்பு வீட்டுப் பிளேயரில் உடைந்து தெரிவதற்கு இவையே முதற்காரணம். டிவ்எக்ஸின் ‘ஹோம் தியேட்டர்’ வரையறைக்கு உட்பட்டு அமைத்தால் பெரும்பாலான கருவிகளில் ஓடும்.

மென்பொருள் என்று பார்த்தால், இன்று எல்லா இயங்குதளங்களிலும் கிடைப்பது எஃப்எஃப்எம்பெக். அதன் ‘டார்கெட்’ தேர்வுக்கு ‘பால்-விசிடி’ அல்லது ‘பால்-எஸ்விசிடி’ என்று கொடுத்தால், வரையறைப்படி எல்லா அளவுகளையும் அதுவே அமைத்துக்கொள்ளும். அதை விசிடியாக எழுதத்தக்க படிமக் கோப்பாகக் கட்ட விசிடிஇமேஜர் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள்; நல்ல மென்பொருள்தான், ஆனால் 2009-இலேயே ஏவிஐ வடிவத்தைக் கைவிட்டுவிட்டதால் உங்கள் வேலைக்கு உதவாது. அது தரும் எச்.264 கோப்பு கணினிக்கும் கைபேசிக்கும் ஏற்றது. அந்தக் காலத்து பிளேயருக்குத் தெரியாது. விண்டோஸில் பொறுமையாகச் செய்ய விரும்பினால், ஏவிசிந்தும் விர்ச்சுவல்டப்பும் எக்ஸ்விட்டும் சேர்ந்த பழைய கூட்டணி இன்றும் நன்றாகவே உழைக்கிறது.

எங்கே வெட்டுவது என்பதை ஏற்கெனவே சொன்னேன். எப்படி வெட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும். சுருக்கிய பின் வெட்டினால் முழு ஃபிரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாகப் பதிவாகும் ஃபிரேம்) இருக்கும் இடத்தில்தான் வெட்ட முடியும். எக்ஸ்விட்டில் இரண்டு முழு ஃபிரேம்களுக்கு இடையே பத்து நொடி வரை இடைவெளி இருக்கலாம். ‘இடைவேளை’ என்ற எழுத்து பாதி முதல் சிடியிலும் பாதி இரண்டாவதிலும் விழுவது இப்படித்தான். ஆகவே சுருக்குவதற்கு முன்பே, ஏவிசிந்தில் ‘ட்ரிம்’ கட்டளையால் ஃபிரேம் எண்ணைக் கொடுத்துப் பாதிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். விசிடிக்கும் எஸ்விசிடிக்கும் மூன்றாகப் பிரிக்கும்போது, திரை முழுதும் இருண்டு அடுத்த காட்சி தொடங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றில் தேர்ந்தெடுங்கள். எஸ்விசிடிக்கு மூன்று துண்டுகளும் சமமாக இருக்க வேண்டியதில்லை; மிக நீளமான துண்டை வைத்துச் சராசரி பிட்ரேட்டை அமைத்தால் போதும். இரண்டு முழுப் பாடல்களுக்கு நடுவே வசனக் காட்சி ஒன்று இருந்தால் அதன் முடிவு நல்ல இடம். பாட்டின் நடுவே மட்டும் வேண்டாம்.

முழுப் படத்தையும் சுருக்குவதற்கு முன், படத்திலேயே கடினமான ஐந்து நிமிடத்தை, மழையோ புகையோ கூட்டமோ நிறைந்த ஒரு பகுதியை, மட்டும் சுருக்கி ஒரு சிடியில் எழுதி ஊருக்கு அனுப்பிப் பாருங்கள். எந்த முறை அந்தக் கருவியில் ஓடுகிறது என்பதை இதைவிட மலிவாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் சோதிக்க வேண்டாம். அதன் ஒளித்திருப்பம் குறைவு என்பதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது, படம்தான் தவறோ என்று நீங்கள் வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எழுதும்போது வேகத்தை 8 மடங்குக்கும் 16 மடங்குக்கும் இடையில் வையுங்கள். அமர்வை மூடி முடிக்கும் தேர்வைக் கட்டாயம் இயக்குங்கள். மூடப்படாத சிடியை வீட்டுப் பிளேயர் வெறும் சிடியாகவே கருதும். வரையறையைத் தாண்டி 702, 703 எம்பி என்று விளிம்பு வரை நிரப்புவதைத் தவிருங்கள். சிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. விரல் ரேகையும் கீறலும் அதிகம் விழுவது வெளி விளிம்பில். அங்கே இருப்பது படத்தின் இடைவேளை முடிச்சும் இறுதிக் காட்சியும். விசிடியிலும் எஸ்விசிடியிலும் பிழைதிருத்தக் காவலை நாமே நீக்கிவிட்டோம் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். 80 நிமிடச் சிடியில் 78 நிமிடத்தோடு, 700 எம்பியில் 695-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது. காகித லேபிள் ஒட்டாதீர்கள். சிடிக்கென்றே விற்கும் மையில் எழுதுங்கள், படத்தின் பெயரோடு 1, 2, 3 என்று எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

சிடிகள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வன்தட்டிலுள்ள கோப்புகளை உடனே அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு சிடியின் கடைசி ஐந்து நிமிடங்களை அந்தப் பிளேயரிலேயே ஓட்டிப் பார்த்து, ஒலியும் வாயசைவும் ஒத்துப்போகின்றனவா, படம் எங்கும் திக்காமல் முடிகிறதா என்று பெற்றோர் சொல்லும்வரை வைத்திருங்கள். ஏதாவது ஒரு சிடி சரியாக ஓடவில்லை என்றால், மீண்டும் சுருக்காமல் அந்தக் கோப்பை வேறு நிறுவனத்தின் சிடியில், வேகத்தைக் குறைத்து மறுபடி எழுதினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.